மருந்து எந்த மீனின் வயிற்றுக்குப் போகிறது?

சிலியின் சால்மன் மீன் பண்ணைகளில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பரவுவதை ஆராயும் முனைவர் பட்ட மாணவரைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் மருந்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டீர்களே! ஃபுளோர்பெனிகால் என்னும் பாக்டீரியாக்கொல்லி மருந்தைத் தீவனத்தில் கலந்து, மீன் வளர்க்கும் வலைக்கூண்டு முழுவதற்கும் போடுகிறார்கள். நோயுற்ற மீன் சரியாக இரையெடுக்காது. தின்று தீர்ப்பது பெரும்பாலும் நல்ல மீன்தான். மிச்சத் தீவனமும் கழிவும் கூண்டுக்கு அடியில் சேற்றில் படிகின்றன. அங்கே மருந்தை எதிர்க்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக வேறோர் இனத்துக்கே கைமாற்றிவிடும்.

நார்வே தன் மீன் பண்ணைகளில் 1987-இல் ஏறக்குறைய 50 டன் பாக்டீரியாக்கொல்லி மருந்து செலவிட்டது. தடுப்பூசிகள் வந்தபின் அது ஒரு டன் அளவுக்குச் சுருங்கியது. அதையே சிலிக்கும் பரிந்துரைப்பது எளிது. ஆனால் அங்கே பெருந்தொல்லை தரும் பிசிரிக்கெட்சியா என்னும் பாக்டீரியா மீனின் செல்லுக்குள்ளேயே பதுங்கிக்கொள்வதால், தடுப்பூசி போட்டும் சரியாக எடுபடுவதில்லை. மாணவர் இதைப் பற்றி என்ன சொன்னார்?