அரசுக் கல்லூரி மீது வக்கீல் இல்லாமல் வழக்குப் போட முடியாதா?

"அமெரிக்காவில் அரசுக் கல்லூரி ஊழியர் பாகுபாடு என்று வழக்குப் போட முடியாது, அரசுக்கு விலக்குரிமை உண்டு. வக்கீல் இல்லாவிட்டால் மனுவையே வாங்கமாட்டார்கள்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. முக்கால்வாசி தவறு.

1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் அத்தியாயம் இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு பார்த்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மாநில அரசு நிறுவனங்கள் 1972 திருத்தத்தில்தான் இதற்குள் வந்தன. மாநிலத்தின் விலக்குரிமை இங்கே செல்லாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

வதந்தியின் வேர் வேறிடத்தில். புளோரிடா அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களின் வழக்கில், வயதுப் பாகுபாட்டுச் சட்டத்தைக் காட்டி மாநிலத்திடம் இழப்பீடு கேட்க முடியாது என்று 2000-இல் தீர்ப்பானது. மறு ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கும் அதே கதி. இன, பாலினப் பாகுபாட்டை இவை தொடவில்லை.

வக்கீல் விஷயம் இன்னும் எளிது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் தானே வாதாடும் உரிமை 1789 முதலே சட்டத்தில் இருக்கிறது. அப்படித் தானே எழுதிய மனுவை, வக்கீல் எழுதியதற்குக் காட்டும் கண்டிப்பு இல்லாமல் நீதிமன்றம் தாராளமாகப் படிக்க வேண்டும் என்பதும் 1972 தீர்ப்பு.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது காலக்கெடு. முதலில், பாகுபாடு நடந்த 180 நாளுக்குள் சமவேலைவாய்ப்பு ஆணையம் என்ற கூட்டாட்சி அமைப்பில் புகார் தர வேண்டும்; மாநிலத்திலும் அத்தகைய அமைப்பு இருந்தால் பெரும்பாலும் 300 நாள். ஆணையத்திடமிருந்து வழக்குத் தொடரும் அனுமதிக் கடிதம் வந்தபின் 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கடிதம் வெற்றிச் சான்றிதழ் அல்ல. வக்கீல் இல்லை என்பதற்காகக் கெடு நீளவும் செய்யாது.