கொல்லைப்புறத்துக் கோடை

அமெரிக்கர்களின் கோடையைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்றில், அவர்கள் கோடைக்கால வார இறுதிகளை நெடும்பயணங்களிலேயே கழிக்கிறார்கள் என்று கட்டுரையாளர் கூறுவது பாதி உண்மைதான். மே மாதக் கடைசித் திங்களன்று வரும், பணியில் உயிர்நீத்த படைவீரர்களுக்கான நினைவு நாளில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் நாளோடு முடிவதாகவே அவர்கள் கோடையைக் கணக்கிடுகிறார்கள். நினைவு நாள் உள்ளிட்ட சில விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு மாற்றி 1968இல் இயற்றப்பட்டு, 1971இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் மூன்று நாள் வார இறுதிகளைப் பெருக்கியது.

ஆனால் இடைப்பட்ட சாதாரணச் சனி, ஞாயிறுகளில் பலர் வெகுதூரம் போவதில்லை. புல்வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலோடு விடியும் சனிக்கிழமை, பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டத்திலும், பழைய பொருள்களை வீட்டு வாசலில் பரப்பி விற்கும் கராஜ் சேலிலும், மாலையில் கொல்லைப்புறத்துக் கரியடுப்பில் வாட்டும் இறைச்சியிலும் சோளக்கதிரிலும் கழிந்துவிடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கால்வாய் ஒன்றுக்கு அப்பால் இருக்கும் கேப் காட் தீபகற்பத்தின் கடற்கரைக்குச் செல்பவர்கள், 1930களில் கட்டப்பட்ட இரண்டே பாலங்களைக் கடப்பதற்காக வெள்ளிக்கிழமை மாலையில் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தால், கொல்லைப்புறமே மேல் என்று எவருக்கும் தோன்றும்!

சம்பளத்துடன் கூடிய விடுப்பைத் தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கும் கூட்டரசுச் சட்டம் அங்கே இல்லை. நீண்ட விடுப்பு வாய்க்காத தொழிலாளிக்கு அந்த இரண்டு நாள்களே கோடை விடுமுறை என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.