உள்ளதப் போடு மக்ளே

போன ஐப்பசி மழையில ஒரு ராத்திரி. எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டத்துல திங்கள்நகர் பக்கம். ஏழரை மணி இருக்கும், கரண்டு இல்ல. வாசல்ல ஒரு கார் வந்து நின்னுது. வீட்டுக்காரரோட பழைய கூட்டுக்காரர், அவரு மனைவி, வயசான அம்மா. குளச்சல்ல ஒரு சாவு வீட்டுல துட்டி கேட்டுட்டு திரும்புற வழியில ரோட்டுல மரம் விழுந்து கிடக்குதாம். மத்தியானத்துக்கு அப்புறம் மூணு பேரும் ஒண்ணும் சாப்பிடல.

அடுக்களையில எங்க நாலு பேருக்கு வச்ச சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும்தான் இருந்துது. "ஜங்ஷன்ல புரோட்டா வாங்கிட்டு வரட்டா?"ன்னு வீட்டுக்காரர் காதுக்குள்ள கேட்டாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. மாமியார் விடல.

"இந்த மழையில நீ போயிட்டு வாறதுக்குள்ள, ஏன்டா வந்தோம்னு ஆயிரும் அவங்களுக்கு. உள்ளதப் போடு மக்ளே."

சம்பா அரிசி அவசரத்துக்கு வேகாது. அதனால டார்ச்சை எடுத்துட்டு பின்பக்கம் போய் ஒரு மூடு மரச்சீனி, அதான் மரவள்ளிக் கிழங்கு, பிடுங்கினோம். நனைஞ்ச மண்ணு, ஒரே இழுப்புல வந்துது. தொலி உரிச்சு, துண்டு போட்டு வேகவச்சு, வெள்ளத்தை நல்லா வடிச்சோம். வடிக்காம விடப்படாது, அதுல உள்ள விஷம் அந்த வெள்ளத்துலதான் இறங்கும். காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் உப்பும் அம்மியில சதச்சு, மேல கொஞ்சம் தேங்காய் எண்ணெய். கஞ்சியில ஒரு செம்பு வெந்நீர் கூடுதலா விட்டேன், அவ்வளவுதான்.

அதுக்குள்ள அந்த அம்மா அடுக்களைக்கே வந்துட்டாங்க. "பிலாவிலை கிடைக்குமா மக்ளே?" மகன் ஓடிப்போய் நனைஞ்ச இலையா பறிச்சுட்டு வந்தான். ஒவ்வொரு இலையையும் முந்தானையில துடைச்சு, கூம்பா மடக்கி, ஈர்க்கை ஒடிச்சுக் குத்தி, கஞ்சி கோரிக் குடிக்க ஏழு கரண்டி செஞ்சாங்க. எங்களுக்கும் சேர்த்து. விளக்கு வெளிச்சத்துல அந்தக் கை நடுங்காம மடக்குறதைப் பாத்துட்டே நின்னேன். விருந்தாளின்ற கூச்சம் அப்பவே ரெண்டு பக்கமும் போயிருச்சு. புரோட்டா வாங்கியிருந்தா அவங்க முன் ரூம்ல கையைக் கட்டிட்டுத்தான் உட்கார்ந்திருப்பாங்க.

பஞ்சம் தாங்கட்டும்னு திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் பரப்பின கிழங்கு இந்த மரச்சீனி. 1942-ல பர்மா அரிசி நின்னப்போ, திருவிதாங்கூரோட இருந்த நம்ம ஊரைத் தாங்கினதும் இதுதான். இன்னைக்கு ஆளு வந்தா இதை எடுத்து வைக்கக் கூசுறோம். எனக்கு அது மனசுக்கு ஒப்பல. நாம திங்கிறதை நம்ம கூட இருந்து திங்கச் சொல்றதை விட பெரிய மரியாதை என்ன இருக்கு?

இப்ப எல்லாரும் போன் பண்ணிட்டுத்தான் வாறாங்க. அதுக்குக் காரணம் நாமதான்னு தோணுது. யாராச்சும் வந்தா பிரியாணிக்கு ஆர்டர் போடுறோம், இல்லன்னா மூணு தொடுகறி வைக்க ஓடுறோம். நாம படுற பாட்டைப் பாத்து அவங்க வாறதையே நிறுத்திட்டாங்க. விருந்துங்கிற வார்த்தைக்கே பழைய தமிழ்ல புதுசுன்னுதான் அர்த்தம். எதிர்பாராம வந்து நிக்கிற முகத்துக்கு வச்ச பேரு அது. அந்த முகம் வாசல்ல தெரிஞ்சா தயவு செஞ்சு ஃபோனை எடுக்காதீங்க, பானையைத் திறங்க.

போன ஞாயித்துக்கிழமை அந்த அம்மா மகனையும் மருமகளையும் கூட்டிட்டு மறுபடி வந்தாங்க, கையில ஒரு சீப்பு மட்டிப்பழத்தோட. சொல்லாமத்தான் வந்தாங்க. வந்ததும் நேரா பின்பக்கம் போய் பிலாமரத்தைத்தான் பாத்தாங்க.