அறிவிப்பு ஓட்டோவில் வருகிறது, திருத்தம் எதில் வரும்?

மாரி தொடங்கினால் போதும், ஒலிபெருக்கி கட்டின ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் வந்துவிடும். வளவைத் துப்புரவாக வைத்திருங்கள், டெங்கு நுளம்புக் குடம்பி கண்டால் வழக்கு, தண்டம். சரி, சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஓட்டோ அடுத்த சந்தி திரும்புவதற்குள் சனம் தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடும். உடனே ஒரு கூட்டம் போட்டு 'மக்களுக்கு விழிப்புணர்வு போதாது' என்று பேசிவிட்டு இன்னும் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம் அடிப்பார்கள். எனக்கு இதில்தான் எரிச்சல். சனத்துக்கு எல்லாம் விளங்கும். சொல்கிற இடத்தின் மேல்தான் நம்பிக்கை இல்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது.

2020 ஏப்ரலில், இலங்கையில் கொவிட்டில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரச வர்த்தமானி வந்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். எரிப்பது, புதைப்பது இரண்டும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. எந்த ஆய்வில் இப்படி இருக்கிறது என்று காத்தான்குடியிலும் கல்முனையிலும் சனம் கேட்டது, ஒழுங்கான பதில் வரவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான பிள்ளையையும் எரித்தார்கள். பிறகு 2021 பெப்ரவரியில் புதைக்கலாம் என்றாகி, மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. தூர ஊர்களிலிருந்தெல்லாம் ஜனாஸாக்கள் நம் மாவட்டத்துக்கு வந்தன. நேற்று வரைக்கும் கெட்டுப்போகவிருந்த தண்ணீர் இன்றைக்கு எப்படிக் கெடாமல் போனது? அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். அதை எங்கள் ஒழுங்கையில் எந்த ஓட்டோவும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

இது முஸ்லிம் ஆட்களின் பிரச்சினை என்று அப்போது தமிழர்களான எங்கள் பக்கத்தில் பலர் ஒதுங்கி இருந்தார்கள் (எங்கள் ஊர்களிலும் புதைக்கிற குடும்பங்கள் நிறைய என்பதை அந்த நேரம் வசதியாக மறந்துவிட்டோம்). ஆனால் தடுப்பூசி வந்தபோது சந்தேகம் ஊர் எல்லையில் நிற்கவில்லை. 'அண்டைக்கு அப்படிச் சொன்ன ஆக்கள்தானே இவங்க' என்று தமிழ் வீடுகளிலும் கேட்டது.

இதற்கு முந்தின கதை இன்னும் மோசம். 2018 பெப்ரவரியில் அம்பாறை டவுனில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று கதை கிளம்பி, அன்றிரவே ஒரு கும்பல் பள்ளிவாசலையும் கடைகளையும் அடித்து நொறுக்கியது. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது எல்லாம் முடிந்த பிறகு. சாப்பாட்டில் போட்டு ஆளை நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை உலகத்திலேயே கிடையாது. வைத்தியம் படித்த யாரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விசயம் இது. அந்தக் கதை அதற்கு முன்பே ஃபேஸ்புக்கில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, அப்போதே சிங்களத்திலும் தமிழிலும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் இதே சனம் மிட்வைஃப் மிஸ் சொன்னால் கேட்கும். பிள்ளைக்கு ஊசி என்று கிளினிக் கொப்பியில் திகதி போட்டுவிட்டால், மழையென்றாலும் குடையைப் பிடித்துக்கொண்டு தாய்மார் போய் நிற்பார்கள். எங்கள் பெரியம்மா வீட்டில் பேரனுக்கு டெங்கு வந்தபோது மிஸ் திண்ணையில் இருந்து சொன்னதை நான் கேட்டேன்: "காய்ச்சல் விட்டிட்டு எண்டு நிம்மதியா இரிக்காதீங்க பெரியம்மா, அப்பதான் ரத்தத்தில இரிக்கிற தண்ணி கசியிற நேரம். சலம் போறது குறையுதா, வயிறு நோகுதா, கைகால் குளிருதா எண்டு பாருங்க. அப்படி இருந்தா விடியட்டும் எண்டு நிக்காதீங்க." பப்பாசி இலைச் சாறு கொடுக்கலாமா என்று பெரியம்மா கேட்டதற்கும் மிஸ் சிரிக்கவில்லை, ஏசவில்லை. அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். காரணத்தோடு சொன்னதால் பெரியம்மா அதைப் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொன்னார். எந்தத் துண்டுப்பிரசுரத்தை அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்?

எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைகளில் இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு சின்ன வேண்டுகோள். புகை அடிக்க வரும்போது, இது பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், சிரட்டைக்குள் கிடக்கிற குடம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று அன்றைக்கே வாசலில் நின்று சொல்லுங்கள். சொல்லாமல் போனால், அடுத்த கிழமை யாருக்காவது காய்ச்சல் வந்ததும் 'புகையும் பொய்' என்று ஊர் முடிவு கட்டிவிடும். அப்புறம், முன்பு சொன்ன ஏதாவது மாறினால் அதே ஓட்டோவை, அதே சத்தத்தோடு, அதே ஒழுங்கைக்குள் திரும்ப அனுப்புங்கள்.