அந்த வலையை எதுக்குக் கட்டினாங்க?

பாய்மரப் படகுல அட்லாண்டிக்கைக் கடந்துட்டு இருந்தப்போ அடிமைக் கப்பல்களைப் பத்திப் பேச்சு வந்துச்சு. கூட வந்தவர் ஒருத்தர், "அது அந்தக் காலம்ங்க, தப்புன்னே அப்போ யாருக்கும் தெரியாது"ன்னாரு. எனக்கு அது இன்னும் ஆறல, அதான் எழுதுறேன்.

நாங்க ஆப்பிரிக்காவுக்கு மேற்க இருக்குற கேப் வெர்டே தீவுகள்ல இருந்து கரீபியன் தீவான பார்படோஸ் போனோம். கிளம்புறதுக்கு முன்னாடி அங்க சாந்தியாகோ தீவுல சிதாதே வெல்யாங்குற பழைய ஊரைப் பார்த்தோம், அடிமைகளைக் கட்டி வச்சு தண்டிச்ச கல்தூண் இன்னும் அங்க நிக்குது. அங்கிருந்து மேற்க எங்களைத் தள்ளிட்டுப் போன அதே வியாபாரக் காத்துதான் அந்தக் கப்பல்களையும் தள்ளுச்சு. ஆப்பிரிக்காவுல இருந்து அமெரிக்கக் கண்டங்களுக்கு அடிமையா மொத்தம் சுமார் 1.25 கோடி பேரை ஏத்தினாங்க, அதுல 18 லட்சம் பேர் கரையையே பாக்கல.

தப்புன்னு தெரியாதாம். அப்போ கப்பலைச் சுத்தி வலை எதுக்குக் கட்டினாங்க? சங்கிலியில கிடந்தவங்க கடல்ல குதிச்சாவது செத்துப்போவாங்கன்னு தெரிஞ்சுதான கட்டினாங்க. மேல்தளத்துக்கு நடுவுல பலகைத் தடுப்பு வச்சு துப்பாக்கியோட அதுக்குப் பின்னாடி நின்னாங்க, ஏன்னா எதிர்த்து எழுவாங்கன்னு தெரியும், நிறைய கப்பல்ல எழுந்தும் இருக்காங்க. சாப்பிட மாட்டேன்னு பட்டினி கிடந்தவங்க வாயைத் திறக்க இரும்புக் கருவி வச்சிருந்தாங்க. இதையெல்லாம் காசு போட்டு செஞ்சவனுக்கு, கீழ கிடக்குறது மனுசங்கன்னு நல்லாவே தெரியும். அப்புறம் "யாருக்கும்"னு சொல்றப்போ அந்தச் சங்கிலியில கிடந்தவங்களை ஏன் கணக்குல சேர்க்க மாட்டேங்குறோம்? அவங்களுக்குத் தெரியாதா அது தப்புன்னு?

ஸாங்குங்குற பிரிட்டிஷ் அடிமைக் கப்பல் கதையை எடுத்துக்கங்க. 1781-ல மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்குற அக்ராவுல இருந்து 442 பேரோட ஜமைக்காவுக்குக் கிளம்புச்சு. வழி தப்பி, தண்ணி பத்தாதுன்னு சொல்லி, நவம்பர் 29-ல ஆரம்பிச்சு சில நாள்ல 130 பேருக்கு மேல உயிரோட கடல்ல தள்ளினாங்க, முதல்ல பொம்பளைங்களையும் குழந்தைங்களையும். நடுவுல மழை பெஞ்சு தண்ணி கிடைச்ச பிறகும் தள்ளினாங்க. அப்புறம் கப்பல் முதலாளிங்க தலைக்கு 30 பவுண்ட் இன்ஷூரன்ஸ் கேட்டு லண்டன் கோர்ட்டுக்குப் போனாங்க, ஜூரியும் குடுக்கச் சொல்லிட்டாங்க! 1783-ல மேல்விசாரணையில நீதிபதி மான்ஸ்ஃபீல்ட், குதிரைங்களைத் தூக்கிப் போட்ட மாதிரிதான் ஜூரி இதைப் பார்த்துச்சுன்னு சொன்னாரு, அதைச் சொல்றப்பவே இது ரொம்ப அதிர்ச்சியா இருக்குன்னும் சேர்த்து சொன்னாரு. அவருக்கும் தெரிஞ்சிருக்கு. மறுவிசாரணைக்கு உத்தரவு போட்டாரு, அவ்வளவுதான். தானே அடிமையா இருந்து விடுதலையான ஒலாடா இக்வியானோதான் இந்த விஷயத்தை, அடிமை முறையை எதிர்த்துப் போராடின ஆங்கிலேயர் கிரான்வில் ஷார்ப்கிட்ட கொண்டு போனாரு. ஷார்ப் கொலைக் கேஸ் போடணும்னு எவ்வளவோ அலைஞ்சாரு, ஒருத்தன் மேலயும் போடல.

தெரியாம நடந்ததுன்னு சொல்லாதீங்க. லாபம் இருந்துச்சு, அதனால தெரிஞ்சே செஞ்சாங்க. 1833-ல பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டப்பவும் 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு முதலாளிங்களுக்குத்தான் போச்சு, அடிமையா இருந்தவங்களுக்கு ஒரு பைசா இல்ல. அதுக்கு வாங்கின கடனை அந்த நாட்டு ஜனங்க வரிப்பணத்துல கட்டி முடிச்சது 2015-ல. எந்தக் காலத்தைங்க "அந்தக் காலம்"னு சொல்றீங்க?