சிக் துண்டுப்பிரசுரங்கள் கத்தோலிக்கர் வெளியிட்டவை அல்ல

ஜாக் சிக்கின் சித்திரக்கதைத் துண்டுப்பிரசுரங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் பிரசாரம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், உண்மை நேர்மாறானது. 1924இல் பிறந்து 2016இல் மறைந்த சிக், கலிபோர்னியாவில் தனிப் பதிப்பகம் நடத்திய தீவிர அடிப்படைவாதப் புராட்டஸ்டண்ட். அவர் மிகக் கடுமையாகச் சாடியதே கத்தோலிக்கத்தைத்தான். கத்தோலிக்க வழிபாட்டில் இயேசுவின் உடலாகக் கருதப்படும் நற்கருணை அப்பத்தை 'சாவு பிஸ்கட்' என்று கேலி செய்யும் பிரசுரமே ஒன்று உண்டு.

1979 முதல் வந்த 'ஆல்பர்ட்டோ' சித்திரக்கதைகள், இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் முன்னாள் குரு என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஆல்பர்ட்டோ ரிவேரா, கத்தோலிக்கத் திருச்சபையின் சதிகள் என்று சொன்ன கதைகளை அப்படியே நம்பி வரையப்பட்டவை. அவற்றைப் பொய்யென்று 1981இல் அம்பலப்படுத்தியவர்களில் 'கிறிஸ்டியானிட்டி டுடே' என்னும் எவாஞ்சலிக்கல் (நற்செய்தி பரப்புவதை வலியுறுத்தும் புராட்டஸ்டண்ட் பிரிவு) இதழும் ஒன்று என்பதால், எல்லா எவாஞ்சலிக்கல்களும் சிக்கின் பக்கம் நின்றார்கள் என்பதும் சரியல்ல.

படங்கள் முழுவதும் சிக் வரைந்தவை என்பதும் பிழை. தடித்த கோட்டில் கேலிச்சித்திரம் போலிருப்பவை அவருடையவை. முகங்களில் நிழலும் தசையும் நுணுக்கமாக விழும் பக்கங்களில் பெரும்பாலானவை ஃபிரெட் கார்ட்டர் என்ற கறுப்பின ஓவியருடையவை, ஆனால் அவர் பெயர் நெடுங்காலம் அச்சிடப்படவே இல்லை. (இறந்தவனுக்கு அவன் வாழ்க்கையையே வானத்தில் திரைப்படமாக ஓட்டிக்காட்டும் 'திஸ் வாஸ் யுவர் லைஃப்' சிக் தாமே வரைந்தது, அதில் அரியணையில் அமர்ந்த கடவுளுக்கு முகமே இராது.)

பிரசுரங்களின் கருத்தைக் கண்டிப்பதில் எனக்கு மறுப்பில்லை. கண்டனம் உரிய முகவரிக்குப் போகட்டும்.