பொட்டு இருந்ததால் நான் இறங்கவில்லை

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது, அம்மா கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையில் பஸ்ஸை மறித்தபோது சேலைத் தலைப்பால் பொட்டை அழித்துவிட்டுத்தான் தப்பி வந்ததாகச் சொல்வார். பல வருடம் கழித்து நான் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குத் தனியாகப் போகத் தொடங்கியபோதும், வாசலில் நின்று "சின்னதா வை மகள், தூரத்துல தெரியாத மாதிரி" என்பார். பொட்டை மறைத்தாலும் அடையாள அட்டையை மறைக்க முடியாது. வடக்கு கிழக்கில் கொடுத்த அட்டைகளில் சிங்களத்தோடு தமிழும் இருக்கும், மற்ற இடங்களில் சிங்களம் மட்டும்தான். 2014இல்தான் எல்லோருக்கும் இரண்டு மொழியிலும் கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவரைக்கும் அட்டையை நீட்டினாலே போதும், பெயரை வாசிக்கவும் தேவையில்லை, நாங்கள் யார் என்று தெரிந்துவிடும்.

சரி, இந்தக் கதை எல்லாத் தமிழ் வீட்டிலும் இருக்கிறது. நான் எழுத வந்தது 2019 மே மாதம் நடந்ததை.

முஸ்லிம் தீவிரவாதிகள் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்த உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. நானும் என்னோடு படிப்பிக்கும், பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் டீச்சர் ஒருவரும் ஒரு பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏறி வந்தவர் என் நெற்றியைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரின் தலைத்துணியைப் பார்த்தார், அவரை மட்டும் பையோடு இறங்கச் சொன்னார். பழக்கத்தில் அட்டையை எடுக்கப் பைக்குள் கையை விட்ட என்னிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஏப்ரல் 29இல் வந்த அவசரகால விதி தடை செய்தது முகத்தை மூடுவதைத்தான். அவருடைய முகம் திறந்துதான் இருந்தது.

ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் கொப்பிகள், சாப்பாட்டுப் பெட்டி, மாற்றுடுப்பு, உள்ளாடை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, போகிற வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி ஒரு மேசையில் பரப்பினார்கள். இருபது நிமிடம் இருக்கும். பின் சீட்டில் ஒருவர் நேரம் போகிறது என்று சலித்துக்கொண்டார். எனக்கு அந்த நேரம் முதலில் வந்தது கோபமோ கவலையோ இல்லை, நிம்மதி. என்னைக் கூப்பிடவில்லையே என்ற நிம்மதி. முப்பத்தாறு வருடத்துக்கு முன் அம்மா அழித்த அதே பொட்டுத்தான் அன்று என்னைச் சீட்டில் உட்கார வைத்தது என்பது, அவர் திரும்பி வந்து பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

தம்புள்ளை தாண்டும் வரைக்கும் அவர் ஒன்றும் கதைக்கவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார்: "நான் சின்னப் பிள்ளையா இருக்கக்குள்ள வாப்பாவோட இதே ரோட்டாலதான் போவேன் டீச்சர். உங்கட ஆக்களைத்தான் இறக்குவாங்க. நாங்க பஸ்ஸுக்குள்ளயே இருப்போம். ஒருநாளும் நான் அதை யோசிச்சதில்ல."

அவ்வளவு அவமானப்பட்டு வந்த மனுஷி, என்னைக் குற்றம் சொல்லாமல், தான் உட்கார்ந்திருந்த நாளை நினைத்துக்கொண்டிருந்தார். நான் இன்றுவரைக்கும் அந்த இடத்திலிருந்து நகரவில்லை.

இதைச் சொன்னால் எங்கள் ஆக்களில் சிலர் "அப்ப அவங்க சும்மா இருந்தாங்கதானே, இப்ப தெரியட்டும்" என்கிறார்கள். என் சொந்தக்காரர்களே சொன்னார்கள். அப்படிக் கணக்குப் பார்க்கப் போனால் 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை முழுதாக வெளியேற்றியபோது நாங்கள் வாய் திறக்காமல் இருந்ததையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். கையில் கொப்பியோடு பயிற்சிக்குப் போகிற ஒரு டீச்சர் யாருடைய கடனையும் அடைக்கப் பிறந்தவர் இல்லை.

அந்த நாளுக்குப் பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன், கவனிக்கத் தொடங்கினால் அது நிற்பதில்லை. 2020இல் கொவிட்டால் இறந்த எல்லோரையும் கட்டாயம் எரிக்க வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம், அதனால் அந்த அறிவித்தலை வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருக்கிறேன். பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையைக் கொழும்பில் எரித்து, பொரளை கனத்தை மயான வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கிய பிறகுதான், கிண்ணியா டீச்சரின் உம்மா காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகவே மறுக்கிறார் என்று அவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. காய்ச்சலுக்குப் பயமில்லை, எரித்துவிடுவார்கள் என்ற பயம். 2021 பெப்ரவரியில் அடக்க அனுமதித்தார்கள், அதுவும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய்த்தான். அந்தப் பத்துப் பதினொரு மாதமும் எனக்கு அப்படி ஒரு பயம் ஒரு இரவுகூட இருக்கவில்லை.

வீடு தேடுவதும் அப்படித்தான். திருகோணமலை டவுனில் எனக்கு அனெக்ஸ் கிடைக்க ஒரு போன் கோல் போதுமாக இருந்தது, பெயரைக் கேட்டார்கள், எந்தக் கோயில் பக்கம் என்று கேட்டார்கள், வரச் சொல்லிவிட்டார்கள். கிண்ணியா டீச்சர் மூன்று மாதம் தேடினார். போனில் குரலைக் கேட்டுச் சரி என்றவர்கள் பெயரைக் கேட்டதும் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்றார்கள். தமிழ் பேசுகிற வீட்டுக்காரர்கள், தமிழ் படிப்பிக்கிற டீச்சருக்கு. மாவட்டத்தில் முஸ்லிம்கள் நாற்பது வீதத்துக்கு மேல், நாங்கள் எல்லோரும் ஒரே சந்தையில்தான் மீன் வாங்குகிறோம். கொழும்பில் தமிழருக்கு வீடு தரமாட்டார்கள் என்று நாங்கள் எத்தனை வருடம் சொல்லி அழுதிருக்கிறோம்! அதே கேள்வியை எங்கள் வாசலில் நின்று நாங்களே கேட்கும்போது, அது பாதுகாப்பு, பழக்கவழக்கம், சமையல் மணம் என்று வேறு பெயரில் வருகிறது.

போன வாரம் எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணா, மேல்மாடி காலியாகிறது, "எங்கட ஆக்களா ஒரு நல்ல குடும்பம் இருந்தாச் சொல்லுங்க தங்கச்சி" என்றார். தினமும் எனக்காக கேட்டைத் திறந்துவிடுகிற மனுஷன். நான் முன்பென்றால் சரி அண்ணா என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். இந்த முறை, எனக்குத் தெரிந்த ஒரு நல்ல குடும்பம் இருக்கிறது, கிண்ணியா, அவ என்னோட படிப்பிக்கிறவ என்று சொல்லி, நம்பரையும் அந்த இடத்திலேயே அனுப்பிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்று காலையில் கேட்டில் பார்த்தேன், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கும் கேட்பேன்.